ஏறும் வண்டி, இறங்கும் வண்டி

போடிநாயக்கனூரிலிருந்து பூப்பாறைக்குப் போகும் சாலை மலைச் சாலை. கொச்சியையும் தொண்டியையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 85 இந்த வழியாகத்தான் போகிறது. போடி அடிவாரத்திலிருந்து போடிமெட்டுக்கு ஏற 17 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. போடிமெட்டைத் தாண்டினால் இடுக்கி மாவட்டம். அங்கிருந்து எங்கு பார்த்தாலும் ஏலத்தோட்டம்.

தினமும் விடியும் முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். போடி, தேவாரம், கம்பம் பக்கத்து ஊர்களிலிருந்து பெண்கள் தோட்ட வேலைக்கு வருகிறார்கள். கையில் தூக்குவாளி, தலையில் துண்டு. காலையில் மலை ஏறுகிறார்கள். மாலையில் மலை இறங்குகிறார்கள். வருடம் முழுவதும் இதே பயணம்தான்.

இந்த மலைக்கு ஜீப் பழைய சொந்தம். 1947-இல் மகிந்திரா நிறுவனம் நம் நாட்டில் ஜீப்பைப் பொருத்தி விற்கத் தொடங்கியது. அதன் பிறகு மேடு பள்ளம் என்றால் ஜீப் என்று ஆகிவிட்டது.

பெண்கள் தோட்டத்தில் வேலை செய்யும் நேரத்தில் ஓட்டுநர்களுக்கு ஓய்வு. பூப்பாறையில் ஒரு பட்டறை இருக்கிறது. தகரக் கூரை போட்ட சிறிய பட்டறை. மதியம் அங்கே நாலைந்து ஓட்டுநர்கள் கூடுவார்கள். டீ குடிப்பார்கள். பட்டறை மெக்கானிக்கிடம் சந்தேகம் கேட்பார்கள். அவருக்கு இந்தத் தொழிலில் 30 வருட அனுபவம். எதைக் கேட்டாலும் பொறுமையாகச் சொல்வார்.

அன்று நான்கு பேர் கூடியிருந்தார்கள். ஒருவர் இளைஞர். ஜீப் ஓட்டத் தொடங்கி ஒரு வருடம்தான் ஆகிறது. இன்னொருவர் வயதில் மூத்தவர். எல்லாரும் அவரைப் பெரியவர் என்பார்கள். மூன்றாமவர் பாலக்காடு மாவட்டம் நெல்லியாம்பதியில் ஜீப் ஓட்டுகிறவர். தங்கை வீட்டுக்கு விருந்தாளியாக வந்திருந்தார். நான்காவது ஒரு பெண். தோட்ட வேலைக்கு ஆள் கூட்டி வருகிற அக்கா. காய்ச்சல் என்று பாதி நாளில் வேலையை விட்டு வந்திருந்தார். மாலை ஜீப்புக்காகக் காத்திருந்தார்.

ஏறும்போது

"ஏண்ணே, நேத்து பத்தாவது வளைவுல ரேடியேட்டர் கொதிச்சிருச்சு. தண்ணி நிறையத்தான் ஊத்தியிருந்தேன். ஏன் கொதிக்குது?" என்று இளைஞர் கேட்டார்.

"மலை ஏறும்போது இன்ஜினுக்கு வேலை அதிகம். சூடும் அதிகம். வண்டி மெதுவாப் போறதால எதிர்க்காத்தும் குறைவு. அதனால சூடு சீக்கிரம் வெளியே போகாது. இன்னொரு காரணமும் இருக்கு. உயரம் போகப் போக தண்ணி சீக்கிரம் கொதிக்கும். கீழே 100 டிகிரியில கொதிக்கிற தண்ணி, மூணாறு உயரத்துல 95 டிகிரியிலேயே கொதிச்சிரும்."

"அதுக்கு என்ன செய்யறது? மலையைக் குறைக்க முடியுமா?"

எல்லாரும் சிரித்தார்கள்.

"மலையைக் குறைக்க வேண்டாம். ரேடியேட்டர் மூடியைப் பாரு. அந்த மூடி வெறும் மூடி இல்லை. குக்கர் மூடி மாதிரி. உள்ளே அழுத்தத்தைப் பிடிச்சு வைக்கும். அழுத்தம் இருந்தா தண்ணி லேசில் கொதிக்காது. மூடியில ரப்பர் வாஷர் தேஞ்சு போனா அழுத்தம் நிக்காது. மூடியோட விலை ரொம்பக் குறைவு. அதை மாத்தாம விட்டா இன்ஜின் ஹெட்டே போகும். அப்புறம் பேன் பெல்ட்டை அழுத்திப் பாரு. தொளதொளன்னு இருந்தா காத்தாடி சரியாச் சுத்தாது. ரேடியேட்டர் முன்னால சேறும் சருகும் அடைச்சிருந்தா தண்ணியை அடிச்சுக் கழுவு. ஓடைத் தண்ணி, கிணத்துத் தண்ணி ஊத்தினா உள்ளே உப்பும் துருவும் படியும். கூலண்ட் கலந்துதான் ஊத்தணும்."

"கொதிச்ச உடனே நான் மூடியைத் திறந்துட்டேன்" என்றார் இளைஞர். முழங்கையில் சிவந்த தழும்பைக் காட்டினார்.

மெக்கானிக் அதைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"முகத்துல அடிக்காம விட்டதே! கொதிக்கிற ரேடியேட்டரை ஒருநாளும் திறக்கக் கூடாது. வண்டியை ஓரமா நிறுத்து. சக்கரத்துக்குக் கல் வை. ஆவி வந்தா இன்ஜினை அணை. அரை மணி நேரம் பொறு. அப்புறம் தடித்த துணியைப் போட்டு மூடியைக் கொஞ்சமா மட்டும் திருப்பு. 'உஸ்'ஸுன்னு ஆவி போகட்டும். சத்தம் நின்ன பிறகு முழுசாத் திற. பச்சைத் தண்ணியை மொத்தமா ஊத்தாதே. சூடான இரும்புல குளிர்ந்த தண்ணி பட்டா விரிசல் விடும். இன்ஜினை ஓடவிட்டு, கொஞ்சம் கொஞ்சமா ஊத்து."

அடுத்துப் பெரியவர் கேட்டார்.

"தம்பி, என் வண்டி கொஞ்ச நாளா கறும்புகை விடுது. பின்னால வர்றவன் திட்டுறான்."

"புகைக்கு மூணு நிறம் உண்டு. ஒவ்வொரு நிறமும் ஒரு செய்தி சொல்லும். கறுப்புப் புகை வந்தா டீசல் முழுசா எரியலைன்னு அர்த்தம். காத்து பத்தலை. ஏர் பில்டர் அடைச்சிருக்கும். இல்லைன்னா பாரம் அதிகம். மலை மேல காத்து லேசு. பில்டரும் அடைச்சுக்கிட்டா இன்ஜின் மூச்சுத் திணறும். முதல்ல பில்டரைத் தட்டிப் பாருங்க. அப்பவும் புகை போகலைன்னா டீசல் தெளிக்கிற நாசிலைச் சோதிக்கணும்."

"நீலப் புகை?"

"இன்ஜின் ஆயில் எரியுது. ஆயில் அளவு குறையுதான்னு தினமும் குச்சியை எடுத்துப் பார்க்கணும். சமதரையில நிறுத்தி, இன்ஜினை அணைச்சு, அஞ்சு நிமிஷம் கழிச்சுப் பார்க்கணும். குச்சியில இரண்டு கோடு இருக்கும். ஆயில் அந்த ரெண்டுக்கும் நடுவுல நிக்கணும்."

"வெள்ளைப் புகை?"

"காலைக் குளிர்ல கொஞ்ச நேரம் வந்து நின்னா பயமில்லை. இன்ஜின் சூடான பிறகும் வந்துக்கிட்டே இருந்தா, ரேடியேட்டர் தண்ணியும் குறைஞ்சா, தண்ணி இன்ஜினுக்குள்ளே போகுது. ஆயில் குச்சியைப் பாருங்க. ஆயில் பால் டீ மாதிரி வெளுத்திருந்தா வண்டியை எடுக்கவே கூடாது."

"எனக்கு ஒரு சந்தேகம்" என்றார் நெல்லியாம்பதிக்காரர். "எங்க பக்கம் ஏத்தத்துல கிளட்ச் வாடை அடிக்கும். வழியில டூரிஸ்ட் வண்டி நின்னுடும். நானும் கிளட்ச்சைப் பாதி மிதிச்சபடி அந்தரத்துல நிறுத்தி வைப்பேன்."

"அதுதான் காரணம். பாதிக் கிளட்ச்சுல நின்னா தட்டு உரசிக்கிட்டே இருக்கும். தேஞ்சு கருகிப் போகும். ஏத்தத்துல நிக்கும்போது ஹேண்ட் பிரேக் போடுங்க. கிளம்பும்போது ஆக்சிலேட்டர் கொடுத்து, வண்டி முன்னால இழுக்கும்போது ஹேண்ட் பிரேக்கை விடுங்க. கிளட்ச் மேல காலை வைச்சுக்கிட்டே ஓட்டாதீங்க."

இறங்கும்போது

டீ வந்தது. இளைஞர் டீயைக் கையில் வாங்கியபடி சாதாரணமாக ஒன்று சொன்னார்.

"இன்னொண்ணுண்ணே. ரெண்டு நாளா பிரேக் கொஞ்சம் கீழே இறங்குது. ரெண்டு மிதி மிதிச்சா சரியாயிடுது."

மெக்கானிக் டீயைக் கீழே வைத்துவிட்டார்.

"இதை முதல்ல சொல்ல வேண்டாமா? வண்டி எங்கே நிக்குது?"

"அதோ, வெளியே. சாயந்தரம் இறங்கும்போது பார்த்துக்கலாம்ணே. தீபாவளி கழிச்சு வேலை பார்க்கலாம்னு இருக்கேன்."

"தம்பி, ஏறும்போது வண்டி நின்னா வழியில நிப்போம். இறங்கும்போது வண்டி நிக்கலைன்னா என்ன ஆகும்?"

யாரும் பேசவில்லை.

மலைச் சாலைகளில் நடந்த விபத்துகளை இந்தப் பக்கத்து மக்கள் மறக்கவில்லை. 2022 டிசம்பர் 23 அன்று, குமுளி மலைச் சாலையில் ஒரு வண்டி பள்ளத்தில் விழுந்தது. சபரிமலை போய்விட்டு ஊர் திரும்பிய தேனி மாவட்டத்து பக்தர்கள் 8 பேர் இறந்தார்கள். 2023 ஆகஸ்ட் 25 அன்று, வயநாடு மாவட்டத்தில் மானந்தவாடி அருகே ஒரு ஜீப் பள்ளத்தில் கவிழ்ந்தது. தேயிலைத் தோட்டத்தில் வேலை முடித்து வந்த 9 பெண்கள் இறந்தார்கள்.

மெக்கானிக் ஜீப்பின் அடியில் படுத்துப் பார்த்தார். ஒவ்வொரு சக்கரமாகத் தடவிப் பார்த்தார். பின்பக்க வலது சக்கரத்தின் உள்பக்கம் ஈரமாக இருந்தது. விரலில் தொட்டுக் காட்டினார்.

"இது மழைத் தண்ணி இல்லை. பிரேக் ஆயில். வீல் சிலிண்டர் கசியுது. மிதிக்கிற மிதி எல்லாம் இங்கே வெளியே போகுது. டப்பாவுல ஆயில் அளவைப் பாரு. கீழ்க் கோட்டுக்கும் கீழே இருக்கு."

"ரெண்டு மிதி மிதிச்சா நிக்குதேண்ணே?"

"இன்னிக்கு ரெண்டு மிதி. நாளைக்கு மூணு மிதி. அப்புறம் ஒருநாள் எத்தனை மிதிச்சாலும் நிக்காது. பிரேக் மிதி உனக்கு மூணு மாதிரி சொல்லும். மிதிச்சுப் பிடிச்சிருக்கும்போது மெதுவாக் கீழே இறங்கினா, எங்கேயோ கசிவு. பஞ்சு மாதிரி மெத்துன்னு இருந்தா, குழாய்க்குள்ளே காத்து. கல் மாதிரி இருந்தும் வண்டி நிக்கலைன்னா, லைனிங் தேஞ்சிருக்கு, இல்லை சூட்டுல வழுக்குது. கிரீச்சுன்னு இரும்புச் சத்தம் வந்தா லைனிங் முழுசாத் தீந்துபோச்சு."

"சாயந்தரம் 12 பேரை இறக்கணும். வண்டி எடுக்கலைன்னா எனக்கு ஒருநாள் வாடகை போச்சு. முதலாளி என்ன சொல்வாரோ!" என்றார் இளைஞர்.

காய்ச்சலோடு உட்கார்ந்திருந்த அக்கா அப்போதுதான் வாய் திறந்தார்.

"ஏப்பா, அந்த 12 பேர்ல நானும் ஒருத்தி. என் மருமகளும் இருக்கா. எங்களுக்கு ஒருநாள் கூலி போனா மறுநாள் சம்பாதிப்போம். நீ வேலையை முடி. நாங்க ராத்திரி ஆனாலும் காத்திருக்கோம். முதலாளி கேட்டா என்கிட்டே சொல்லச் சொல்லு."

இளைஞர் தலை குனிந்தார். பிறகு சாவியை எடுத்து மெக்கானிக் கையில் கொடுத்தார்.

மெக்கானிக் வேலையைத் தொடங்கினார். சக்கரத்தைக் கழற்றினார். டிரம்மைத் தட்டி எடுத்தார். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே பேச்சும் தொடர்ந்தது.

"நல்ல பிரேக்கா இருந்தாலும் மலையில பிடிக்காமப் போகுமா?" என்று பெரியவர் கேட்டார்.

"போகும். அதை எல்லாரும் தெரிஞ்சுக்கணும். பிரேக் என்ன செய்யுது? சக்கரத்தை உரசி நிறுத்துது. உரசினா சூடு வரும். ரெண்டு கையையும் தேச்சுப் பாருங்க, தெரியும். ஆள் ஏறின ஜீப் சுமார் 2,000 கிலோ. போடிமெட்டுல இருந்து அடிவாரம் சுமார் 1,000 மீட்டர் இறக்கம். அவ்வளவு எடையை அவ்வளவு உயரத்துல இருந்து பிரேக்காலயே பிடிச்சு இறக்கினா எவ்வளவு சூடு வரும் தெரியுமா? சுமார் 60 லிட்டர் தண்ணியைக் கொதிக்க வைக்கிற சூடு."

"அஞ்சு குடம் தண்ணி!" என்றார் அக்கா.

"ஆமாம்மா. அஞ்சு குடம் தண்ணி கொதிக்கிற சூடு இந்த நாலு டிரம்முக்குள்ளே போகுது. லைனிங் கருகி வழுக்கும். கருகின வாடை வரும். மிதிச்சா மிதி கெட்டியா இருக்கும், வண்டி மட்டும் நிக்காது. இன்னொரு ஆபத்து பிரேக் ஆயில்ல. பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும். டாட் 3 ஆயில் புதுசா இருக்கும்போது 205 டிகிரிக்கு மேலதான் கொதிக்கும். ஈரம் சேந்த பழைய ஆயில் 140 டிகிரியிலேயே கொதிச்சிரலாம். கொதிச்சா உள்ளே குமிழி வரும். குமிழி அமுங்கும். மிதி நேரா பலகையைத் தொடும். அதனாலதான் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பிரேக் ஆயிலை முழுசா மாத்தணும். இங்கே மழை அதிகம், ஈரம் அதிகம். தள்ளிப் போடவே கூடாது."

"அப்போ பிரேக் போடாம எப்படி இறங்கறது?"

"இன்ஜினைப் பிரேக்கா வைச்சுக்கணும். எந்த கியர்ல ஏறினோமோ அந்த கியர்ல இறங்கணும். இது பழைய ஓட்டுநர்கள் சொன்ன கணக்கு. இறக்கம் தொடங்கும் முன்னாலயே ரெண்டாவது கியரோ மூணாவது கியரோ போட்டுடணும். ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா இன்ஜின் வண்டியைப் பிடிக்கும். வளைவுக்கு முன்னால மட்டும் பிரேக்கை அழுத்தி, வேகத்தைக் குறைச்சு, விட்டுடணும். காலை பிரேக் மேலயே வைச்சுத் தேச்சுக்கிட்டு வரக் கூடாது. அழுத்தி விட்டா டிரம் ஆற நேரம் கிடைக்கும்."

"சில பேர் டீசல் மிச்சம்னு நியூட்ரல்ல விடறாங்களே?" என்று நெல்லியாம்பதிக்காரர் கேட்டார்.

"அதுல மிச்சமே இல்லை. கியர்ல இருந்து, ஆக்சிலேட்டர்ல கால் இல்லாம இறங்கினா, வண்டி ஓட்டமே இன்ஜினைச் சுத்தும். பம்பு டீசலை நிறுத்திடும். நியூட்ரல்ல விட்டா இன்ஜின் தனியா ஓடணும். அதுக்கு டீசல் வேணும். ஆக, நியூட்ரல்லதான் செலவு. இன்ஜினை அணைச்சுட்டு இறங்கறது அதைவிட மோசம். பிரேக் பூஸ்டர் வேலை செய்யாது. பவர் ஸ்டியரிங் இருந்தா அதுவும் கல்லாயிடும். சாவியை எடுத்துட்டா ஸ்டியரிங் பூட்டிக்கும்."

"வேகத்துக்கும் பிரேக்குக்கும் என்ன கணக்கு?" என்றார் பெரியவர்.

"வேகம் ரெண்டு மடங்கானா பிரேக்குக்கு வேலை நாலு மடங்கு. 20 கிலோமீட்டர் வேகத்துல நிறுத்தறதைவிட 40-ல நிறுத்த நாலு மடங்கு சூடு. பாரம் எவ்வளவு மடங்கு கூடுதோ, சூடும் அவ்வளவு மடங்கு கூடும். 12 பேர் ஏற வேண்டிய வண்டியில 18 பேரை ஏத்தினா பிரேக்குக்குத்தான் கஷ்டம்."

"ஒருவேளை வழியில பிரேக் போயிட்டா?" இளைஞர் மெல்லக் கேட்டார்.

மெக்கானிக் கையில் இருந்த ஸ்பானரை வைத்துவிட்டு விரல் விட்டு எண்ணிச் சொன்னார்.

"ஒண்ணு, பதறாதே. பிரேக்கை விட்டு விட்டு வேகமா மிதி. சில சமயம் பிடிக்கும். ரெண்டு, கியரை ஒவ்வொண்ணாக் குறை. நியூட்ரலுக்குப் போகாதே. மூணு, ஹேண்ட் பிரேக்கை மெல்ல மெல்ல இழு. சட்டுன்னு இழுத்தா வண்டி சுழலும். நாலு, ஹாரனை அடி, லைட்டைப் போடு. அஞ்சு, எதுவும் நடக்கலைன்னா மலைப் பக்கத்து மண் திட்டுல உரசி நிறுத்து. வண்டி நசுங்கட்டும். பள்ளத்துப் பக்கம் மட்டும் போகாதே. வண்டியை நான் திருப்பிக் கட்டிடுவேன்."

சாலை விதி ஒன்றையும் அவர் நினைவுபடுத்தினார். மலையில் சாலை குறுகலாக இருந்தால், ஏறி வரும் வண்டிக்கே முதல் வழி. இறங்குகிற வண்டிதான் ஓரமாக ஒதுங்க வேண்டும். ஏறுகிற வண்டி நின்றுவிட்டால் மறுபடி கிளம்புவது கடினம்.

டயரில் எழுதியிருப்பது

பெரியவர் தம் ஜீப்பின் டயரைக் காட்டினார். "பழைய டயர்தான். ஆனா பட்டன் நல்லா இருக்கு. இன்னும் ஓடும்தானே?"

"டயருக்கும் வயசு உண்டு. அதைப் படிக்கலாம். இங்கே பாருங்க, ஓரத்துல நாலு எண் இருக்கு. என்ன எண்?"

பெரியவர் குனிந்தார். அவர் எழுத்துப் படிக்கப் பழகிச் சில மாதங்கள்தான் ஆகின்றன. விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தார்.

"மூணு, அஞ்சு, ஒண்ணு, நாலு. 3514."

"முதல் ரெண்டு எண் வாரம். கடைசி ரெண்டு எண் வருஷம். 2014-ஆம் வருஷம் 35-ஆவது வாரம் செஞ்ச டயர் இது. பட்டன் இருந்தாலும் ரப்பர் காஞ்சு போச்சு. பக்கத்துல வெடிப்பு தெரியுது பாருங்க. இதை மாத்திடுங்க. பட்டன் நடுவுல, காடிக்குள்ளே சின்ன மேடு இருக்கும். தேய்மானம் அந்த மேட்டைத் தொட்டுட்டா டயர் தீந்துபோச்சு. அந்த அளவு 1.6 மில்லிமீட்டர். சட்டப்படியும் அதுக்குக் கீழே ஓட்டக் கூடாது. மழையில தண்ணியை ஒதுக்கிவிட அந்தக் காடிதான் வேணும்."

"எங்க பாலக்காட்டுல மார்ச், ஏப்ரல் வெயில் 40 டிகிரியைத் தொடும்" என்றார் நெல்லியாம்பதிக்காரர். "நெம்மாறையில கிளம்பும்போது டயர் சுடும். காத்து ஏறிப் போச்சுன்னு கொஞ்சம் இறக்கி விடுவேன்."

"அப்படிச் செய்யக் கூடாதுண்ணே. சூட்டுல காத்து விரியும், ஆறினா குறையும். சூட்டுல இறக்கிவிட்டா ஆறின பிறகு டயர் தளர்ந்து போகும். தளர்ந்த டயர் மடிஞ்சு மடிஞ்சு இன்னும் சூடாகி வெடிக்கும். காத்தைக் காலையில, டயர் ஆறியிருக்கும்போது பாருங்க. ஸ்டெப்னியையும் சேத்துப் பாருங்க. நிறைய பேர் ஸ்டெப்னியை மறந்துடறாங்க."

குளிரும் மூடுபனியும்

நெல்லியாம்பதிக்காரர் பேட்டரி பற்றியும் கேட்டார். வெயிலில் பேட்டரித் தண்ணீர் சீக்கிரம் வற்றும் என்றார் மெக்கானிக். டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். ஆசிட் ஊற்றக் கூடாது. முனையில் பூத்திருக்கும் வெள்ளைப் பூவை வெந்நீர் ஊற்றிக் கழுவி, கிரீஸ் தடவ வேண்டும். பேட்டரி பக்கத்தில் பீடி, தீக்குச்சி ஆகாது. அதிலிருந்து வரும் வாயு தீப்பிடிக்கும்.

"காலைக் குளிர்ல செல்ப் எடுக்க மாட்டேங்குது" என்றார் இளைஞர்.

"சாவியைப் போட்டதும் ஹீட்டர் விளக்கு எரியும். அது அணையற வரை பொறு. அப்புறம் செல்ப் அடி. பத்து விநாடிக்கு மேல ஒரே மூச்சா அடிக்காதே. அப்பவும் எடுக்கலைன்னா, டீசல் பில்டர்ல தண்ணி சேந்திருக்கலாம். அடியில இருக்கிற திருகைத் திறந்து வடிச்சு விடு."

மூடுபனியில் ஹை பீம் போடக் கூடாது. வெளிச்சம் பனியில் பட்டு ஓட்டுநரின் கண்ணுக்கே திரும்பி வரும். லோ பீம் போட வேண்டும். வேகத்தைக் குறைக்க வேண்டும். தண்ணீர் ஓடும் இடத்தைக் கடந்தால் பிரேக் நனைந்துவிடும். கடந்த பிறகு மெதுவாகப் போய்க்கொண்டே பிரேக்கை லேசாக இரண்டு மூன்று முறை அழுத்தினால் காய்ந்துவிடும்.

பின்னால் உட்காருகிறவர்கள் கேட்கலாமா?

"இதெல்லாம் ஓட்டுறவங்களுக்கு. பின்னால உட்கார்ந்திருக்கிற எங்களுக்கு வண்டி நல்லா இருக்கா இல்லையான்னு எப்படித் தெரியும்?" என்று அக்கா கேட்டார்.

"நல்ல கேள்விம்மா. உங்களுக்கும் கண்ணு இருக்கு, காது இருக்கு, மூக்கு இருக்கு. ஏறும் முன்னால டயர் வழவழன்னு இருக்கான்னு பாருங்க. சக்கரத்துக்கு அடியில எண்ணெய் சொட்டியிருக்கான்னு பாருங்க. இறங்கும்போது கருகின வாடை அடிச்சா உடனே சொல்லுங்க. இரும்பு உரசுற சத்தம் கேட்டாச் சொல்லுங்க. ஓட்டுநர் நியூட்ரல்ல விட்டா இன்ஜின் சத்தம் சட்டுன்னு அடங்கும், வண்டி மட்டும் வேகமாகும். அப்பவும் சொல்லுங்க. தம்பி, நிறுத்துப்பான்னு சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு."

"சொன்னா கோவிச்சுக்குவாங்களே?"

"கோவிச்சுக்கட்டும். வீடு போய்ச் சேந்த பிறகு சமாதானம் ஆயிடலாம்" என்றார் பெரியவர்.

வேலை முடிய ஐந்து மணி ஆகிவிட்டது. புது சிலிண்டர் போட்டாயிற்று. எண்ணெயில் நனைந்த லைனிங்கையும், மறுபக்கத்து லைனிங்கையும் சேர்த்து மாற்றினார் மெக்கானிக். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். புது ஆயில் ஊற்றி, நான்கு சக்கரத்திலும் காற்றை எடுத்தார். சமதரையில் ஓட்டிப் பார்த்தார். மிதி மேலேயே நின்றது.

பெண்கள் ஒரு மணி நேரம் காத்திருந்தார்கள். சிலர் முணுமுணுத்தார்கள். அக்கா காரணத்தைச் சொன்னதும் பேசாமல் ஏறிக்கொண்டார்கள். அன்று ஜீப் இரண்டாவது கியரில் மெதுவாக மலை இறங்கியது.

வண்டிக்கு ஒரு நோட்டு

மெக்கானிக் இளைஞருக்கு ஒரு யோசனையும் சொல்லியிருந்தார். "எல்லாத்தையும் மனசுல வைச்சுக்க முடியாது. ஒரு நோட்டுப் போடு. என்ன வேலை, என்னிக்கு, எத்தனை கிலோமீட்டர்ல, எவ்வளவு செலவுன்னு எழுது. அடுத்து எப்போன்னும் எழுது. முதலாளி கேட்டா நோட்டைக் காட்டு. எழுதி வைச்சதை யாரும் மறுக்க முடியாது."

நோட்டில் இப்படி எழுதலாம்:

தேதி – வேலை – கிலோமீட்டர் – செலவு – அடுத்து எப்போது

இன்ஜின் ஆயில், பில்டர், பிரேக் ஆயில், கூலண்ட், லைனிங், டயர், பேட்டரி ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கலாம். கடைசிப் பக்கத்தில் எப்.சி., இன்சூரன்ஸ், பெர்மிட், புகைச் சான்று, ஓட்டுநர் உரிமம் ஆகியவை முடியும் தேதிகளை எழுதலாம். எத்தனை கிலோமீட்டருக்கு எதை மாற்ற வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். வண்டியோடு வந்த கையேட்டில் அது இருக்கும்.

தினமும் பத்து நிமிடம்

வண்டி கிளம்பும் முன் பார்க்க வேண்டியவை:

1. இன்ஜின் ஆயில் அளவு.
2. ரேடியேட்டர் தண்ணீர். இன்ஜின் ஆறியிருக்கும்போது மட்டும்.
3. பிரேக் ஆயில் அளவு.
4. பிரேக் மிதி. அழுத்தி மெதுவாகப் பத்து வரை எண்ணுங்கள். கீழே இறங்கக் கூடாது.
5. ஹேண்ட் பிரேக்.
6. நான்கு டயர், ஸ்டெப்னி, சக்கர நட்டுகள்.
7. பேன் பெல்ட்.
8. முன் விளக்கு, பின் விளக்கு, பிரேக் விளக்கு, ஹாரன், வைப்பர்.
9. வண்டி நின்ற இடத்தில் தரையில் ஏதாவது சொட்டியிருக்கிறதா?
10. ஜாக்கி, ஸ்பானர், சக்கரத்துக்கு வைக்கும் கட்டை.

பயிற்சி

அ. கோடிட்ட இடங்களை நிரப்புங்கள்.

1. நீலப் புகை வந்தால் ______ எரிகிறது.
2. ஏறின ______ இறங்க வேண்டும்.
3. பிரேக் ஆயிலை ______ ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும்.
4. குறுகலான மலைச் சாலையில் ______ வரும் வண்டிக்கு முதல் வழி.

ஆ. விடை சொல்லுங்கள்.

1. ரேடியேட்டர் கொதித்தால் உடனே ஏன் திறக்கக் கூடாது?
2. நியூட்ரலில் இறங்கினால் டீசல் மிச்சமாகுமா? ஏன்?
3. ஒரு டயரில் 1222 என்று இருக்கிறது. அது எந்த ஆண்டு, எந்த வாரம் செய்த டயர்?

இ. கணக்குப் போடுங்கள்.

ஒரு ஜீப்புக்கு 48,200 கிலோமீட்டரில் இன்ஜின் ஆயில் மாற்றினார்கள். 5,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்று கையேடு சொல்கிறது. அடுத்து எத்தனையாவது கிலோமீட்டரில் மாற்ற வேண்டும்? இப்போது மீட்டர் 52,900 காட்டுகிறது. இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓட்டலாம்?

ஈ. கூடிப் பேசுங்கள்.

நீங்கள் வேலைக்குப் போகும் வண்டியில் எத்தனை பேர் ஏறுகிறீர்கள்? வண்டியில் குறை தெரிந்தால் யாரிடம் சொல்வீர்கள்? அன்று வேலைக்குப் போக வேறு என்ன வழி?